முப்பத்தேழாம் தளத்தில் ஜெபராஜ்

போன வாரம், என் பழைய அலுவலகம் இருந்த கழக்கூட்டத்து மேம்பாலத்துக்குக் கீழே மழையில் மாட்டிக்கொண்டேன். ஆட்டோவின் தரையில் விரித்திருந்த பழைய கம்பளம் நனைந்து ஒரு நாற்றம் கிளம்பியது. உங்களுக்கு அது நாற்றம். எனக்கு முதல் வேலை. எங்கள் அலுவலகத்து ஏசி ஒழுகி, கம்பளம் வருஷம் முழுக்க ஈரமாகவே கிடக்கும். அதில் காலை வைத்துக்கொண்டு ஜெபராஜும் நானும் அடுத்தவர் எழுதிய மென்பொருளில் குற்றம் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கினோம். குற்றம் கேட்டே வளர்ந்தவன் என்பதால் வேலை எனக்கு எளிதாகவே வந்தது.

ஜெபராஜ் பாறசாலைப் பக்கத்துக்காரன். சாப்பாட்டு இடைவேளையில் இருவரும் ஒரு விளையாட்டு ஆடுவோம். ஆளுக்கொரு கையடக்க வீடியோகேம் பெட்டி, இரண்டும் வளைகுடாவிலிருந்து வந்த பழசு. பெரிய வீரசாகசத் தொடர் ஒன்றிலிருந்து முளைத்த கிளைத்தொடர் அது. மூத்ததில் உலகத்தைக் காப்பாற்றுவார்கள். இதில் பாதாளத்துக்குள் தளம் தளமாக இறங்குவதோடு சரி. நுழையும்போதெல்லாம் வழிகள் மாறிவிடும். விழுந்தால் சேர்த்ததெல்லாம் போச்சு. ஒரே ஒரு கருணை உண்டு: விழுந்தவனுக்கு ஐம்பது சொச்சம் எழுத்தில், கடவுச்சொல் மாதிரி ஒரு குறி கிடைக்கும். அதை வாங்கிய நண்பன் தன் பெட்டியில் அடித்து, அதே தளம்வரை இறங்கி மீட்டு, சேர்த்ததோடு எழுந்துகொள்ள ஒரு பதில்குறி தரலாம். அதுவரை விழுந்தவன் விழுந்தபடியே காத்திருக்க வேண்டும். பொறுக்காவிட்டால் 'கைவிடு' என்று ஒரு பொத்தான்.

எங்கள் புராஜெக்ட் முடிந்ததும் நாலு பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஜெபராஜ் அதில் ஒருவன். இரண்டாம் வாரம் போன் செய்தான்.

"எலே, முப்பத்தேழுல விழுந்துட்டேன். குறி சொல்லுகேன், எழுது."

"இவ்ளோ நாளா சேத்ததாடா?"

"எல்லாம் அதுலதாம்ல கெடக்கு. எனக்கு வேற என்ன இருக்கு? நீ எறங்கு."

எழுதி, திரும்பப் படித்துக் காட்டி, அந்த மஞ்சள் தாளைத் திரையோரம் ஒட்டினேன். எங்கள் தொழிலில் எந்தப் பிழைக்கும் ஒரு அவசர எண் போட்டாக வேண்டும். ஒன்று என்றால் இப்போதே. நான்கு என்றால், யாராவது ஞாபகம் வைத்திருந்தால். கைப்பழக்கத்தில் தாளின் மூலையில் நான்கு என்று எழுதினேன். சிரிப்புக்குத்தான். ஆனால் எழுதிய எண்ணுக்கு நான் எப்போதுமே விசுவாசமான ஊழியன்.

ஞாயிறுதோறும் கேட்பான்.

"எறங்குனியா?"

"இந்த வாரம் ரிலீஸ்டா. அடுத்த வாரம் நிச்சயம்."

"செரி மக்கா. நான் எங்க போவப்போறேன், இங்கதான கெடக்கேன்."

விளையாட்டைப் பற்றித்தான் சொல்கிறான் என்று எடுத்துக்கொண்டேன். நாலு புத்தகம் படித்தவன் என்று எனக்குப் பெயர் வேறு.

ஐந்தாவது ஞாயிறு அழைப்பு வரவில்லை. உறுத்தியது. அன்று மத்தியானமே இறங்கினேன். இரண்டு முறை செத்து, மூன்றாம் முறை முப்பத்தேழை எட்டினேன். அவன் பெயரைத் தாங்கிய சின்ன உருவம் குப்புறக் கிடந்தது. தூக்கிவிட்டேன். பதில்குறியை எழுதிக்கொண்டு அவன் வீட்டு எண்ணைச் சுழற்றினேன். அம்மாதான் எடுத்தார்.

"அவன் வியாழக்கெழம சார்ஜாவுக்குப் போயிட்டானே மக்கா, ஒனக்குத் தெரியாதா? அந்தப் பெட்டியா? எல்லாத்தையும் அழிச்சு தங்கச்சிட்ட குடுத்துட்டுல்லா போனான். 'இனி ஆரும் வரமாட்டாவ'ன்னான். எனக்கொண்ணும் மனசிலாவல்ல. ஆரு வரணும்?"

"ஒண்ணுமில்ல ஆன்ட்டி."

என் பெட்டியில் அதற்குள் வெற்றி இசை ஒலித்துக்கொண்டிருந்தது. நண்பரைக் காப்பாற்றியதற்காக எனக்கு ஒரு பதவி உயர்வும் கொடுத்தது. அப்பட்டமான பிழை. ஆனால் எங்கே போய்ப் பதிவது?

அந்த அலுவலகம் இப்போது இல்லை. அந்த மாடியில் வேறு கம்பெனி, பளபளவென்று ஓடு பதித்த தரை. அந்தத் தொடரின் புதிய பாகங்களில் விழுந்தவர்கள் யாருக்கும் போன் செய்ய வேண்டாமாம். பொத்தானை அமுக்கினால் உலகத்தில் எங்கோ இருக்கிற முன்பின் தெரியாத ஒருவர் வந்து தூக்கிவிடுகிறார். நல்ல வசதிதான். ஜெபராஜ் இன்னும் சார்ஜாவில் இருக்கிறான். கிறிஸ்துமஸுக்கு ஒரு வாழ்த்துப்படம் அனுப்புவான், இருநூறு பேருக்குச் சேர்ந்தாற்போல் போகிற படம். நானும் ஒன்று அனுப்புவேன். நடுவில் ஒரு வருஷம் எனக்கு வேலை போயிருந்தது. அந்த வருஷமும் படம்தான் அனுப்பினேன்.