அம்மாவுக்கு வாசித்தது

காய்ச்சல் இறங்கிய மறுநாள், விழுப்புரத்தில் மருத்துவமனை நடைபாதையில் ஒரு ஸ்டிரெச்சர் சத்தமில்லாமல் என்னைக் கடந்து போனது. சக்கரத்துக்கு எண்ணெய் விட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். பின்னால் வந்த பெண் வாய்விட்டு அழுதுகொண்டிருந்தாள். அதுவும் கேட்கவில்லை.

மூளையுறை அழற்சி (மூளையைச் சுற்றியுள்ள சவ்வில் வரும் தொற்று) இரண்டு காதுகளையும் கொண்டுபோயிருந்தது. வலப்பக்கம் காக்ளியர் இம்ப்ளான்ட் (உட்செவி நரம்பை மின்துடிப்பால் தூண்டும் கருவி) பொருத்தினார்கள்.

கருவியை முடுக்கிய நாளில் டாக்டர் எழுதியும் காட்டினார், சொல்லவும் சொன்னார்: "பேச்சு வந்துடும்மா. தாளமும் பிடிபடும். மியூசிக் மட்டும் ரொம்ப எதிர்பார்க்காதீங்க."

நான் செய்தியாளர். பேச்சு போதும் என்றேன். பக்கத்தில் அண்ணன் நின்றிருந்தார். திண்டிவனத்தில் பேண்டு செட்டில் கிளாரினெட் வாசிப்பவர் அவர்.

சில மாதப் பயிற்சியில் பேச்சு வந்தது. போனில்கூடப் பேசினேன். கிளாரினெட் மட்டும் தகரத்தில் ஆணியால் கீறுவதுபோல இருந்தது. அண்ணன் வீட்டில் இரண்டு பாட்டு வாசித்து, "எது சாவூட்டுது, எது கல்யாணத்துது, சொல்லு" என்றார்.

"ரெண்டாவது."

"ரெண்டுமே கல்யாணத்துதான். உன்ன நம்பி ஆர்டர் புடிச்சா, பொண்ணு மாப்பிள்ளைய சுடுகாட்டுக்குத்தான் இட்டுக்கினு போவணும்."

இருவரும் சிரித்தோம்.

அந்த ஆண்டே அம்மா இறந்தார். "ஊர்ல எல்லார் சாவுக்கும் வாசிக்கிற. எனக்கும் நீயே வாசிடா" என்று அண்ணனிடம் முன்பே சொல்லியிருந்தார்.

எங்கள் பக்கத்தில் சாவு மேளம் வேகமாக அடிக்கப்படும், ஆட வைக்கும். அதன் மேலே போகும் கிளாரினெட்தான் அழ வைக்கும். அண்ணன் வாசிக்கத் தொடங்கியதும் பெண்கள் உடைந்து அழுதார்கள். எனக்கு மேளம் துல்லியமாகக் கேட்டது. மேலே தகரக் கீறல். திருவிழாவில் உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது. என் கால் தானாகத் தாளம் போட்டது. முழங்காலைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

பின்னாலிருந்து அத்தையின் குரல்: "கல்லு மாதிரி குந்திக்கினு கீறா பாரு. பெத்தவளுக்கு ஒரு சொட்டு கண்ணீர் வர்ல."

ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகக் கேட்டது. பேச்சுக்காகச் செய்த கருவி அது.

திடீரென்று கீறல் நின்றது. காதுக்கு இதமாக இருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். அண்ணன் வாத்தியத்தை உதட்டிலிருந்து எடுத்திருந்தார். மறுபடி வைத்தார். கன்னம் உப்பியது, உதடு நடுங்கியது, ஊத முடியவில்லை. மேளம் மட்டும் போய்க்கொண்டிருந்தது.

அதுவரை அவர் என்ன வாசித்தார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பாடை தெருமுனை திரும்பிய பிறகு, மற்றவர்கள் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது, நான் அழத் தொடங்கினேன்.

இதே கருவியோடு இருப்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம். துக்கம் தாமதமாக வரும். வராமல் போய்விட்டது என்று பிறர் சொல்வதை நம்ப வேண்டாம்.

இப்போது அண்ணன் வாசிக்கும்போது காதுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் கருவியின் காந்த வில்லையைக் கழற்றிவிடுகிறேன்; கீறல் நின்றுவிடும். அவருடைய மூச்சு எங்கே நீள்கிறது, எங்கே அறுகிறது என்று கழுத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். முடிந்ததும் மாட்டிக்கொண்டு கேட்பேன்.

"அம்மாவுக்கு வாசிச்சதாண்ணா?"

"இல்லம்மா. அன்னிக்கு நிறுத்தினதுதான். அத இன்னும் வாசிக்க எடுக்கல."

எடுத்தாலும் எனக்குக் கேட்காது. காத்திருக்கிறேன்.