சித்தப்பா கலைந்துபோன படம்

பரமக்குடியிலிருந்து வந்த போட்டோ கவரைப் பிரித்ததும் புளித்த காடியைப் போல ஒரு மருந்து வாடை அடித்தது. அந்த வாடையோடுதான் எங்கள் வீட்டுக்குள் சந்தேகமும் நுழைந்தது என்று இன்றைக்கும் எனக்குப் படுகிறது. அப்போது நான் சிறுபிள்ளை. மாசி மாதத்தில் குலசாமிக்கு நாங்கள் எடுக்கும் "களரி"த் திருவிழாவில் பொங்கல் வைத்து, விளக்கேற்றும் நேரத்தில் குடும்பத்தோடு எடுத்த படம் அது. மூத்த பங்கு என்பதால் திருநீற்றுத் தட்டோடு அய்யா முன்னால் நின்றிருந்தார். அவர் தம்பி, எங்கள் சித்தப்பா, இளைய பங்கு என்பதால் முறைப்படி தள்ளிப் பின்னால் நின்றார். படத்தில் அய்யாவின் மீசை மயிரை எண்ணிவிடலாம் போல இருந்தது. சித்தப்பாவோ சாம்பிராணிப் புகையில் செய்த ஆள் மாதிரி, கண்ணும் மூக்கும் இல்லாமல் "மசமச"வென்று தெரிந்தார்.

சித்தப்பா படத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார், விரலால் தேய்த்துப் பார்த்தார். பிறகு, "ஏண்ணே, போட்டோக்காரனைக் கூட்டியாந்தது நீங்க. என்னைய அழிக்கச் சொல்லித்தான் கூட்டியாந்தீகளா?" என்றார்.

"ஏலே, சாமி முன்னால எடுத்த படம்லே. அதுல போயி அப்படிச் செய்வனா?"

"நாளைக்கு உங்க பிள்ளைக இதைக் காட்டி, கோயில்ல எங்களுக்குப் பங்கே இல்லம்பாக. நான் பிடிமண் எடுத்துட்டுப் போயி தனியாக் கோயில் கட்டிக்கிறேன்."

கோயில் மண்ணில் ஒரு பிடி எடுத்துப் போய்விட்டால் சாமி இரண்டு வீட்டுக்கும் தனித்தனி. பிறகு பொங்கல் பானை ஒன்று சேராது. அம்மா அன்று சோறே தொடவில்லை. அதைவிடக் கொடுமை, எனக்கே அய்யா மேல் சந்தேகம் வந்துவிட்டது. படம் எடுக்கும் முன் அவர் போட்டோக்காரரின் காதில் ஏதோ சொன்னதை நான் பார்த்திருந்தேன்.

அடுத்த களரிக்கு, இதுவே கடைசி என்று சொல்லித்தான் சித்தப்பா வந்தார். அய்யா அதே போட்டோக்காரரை அழைத்து வந்து, "எல்லாருக்கும் தெரியச் சொல்லுய்யா" என்றார். போட்டோக்காரர் கேமராவிலிருந்து லென்சைக் கழற்றி, அதன் வளையத்தைத் திருகினார். உள்ளே மெல்லிய தகடுகள் பூனைக் கண்மணி போல விரிந்து சுருங்கின.

"இந்த ஓட்டைக்குப் பேரு அப்பர்ச்சர். பொழுது சாஞ்சு வெளிச்சம் பத்தலைன்னு இதைப் பெருசாத் தொறந்தேன். பெருசாத் தொறந்தா, குறி வச்ச ஆளுதான் தெளிவா விழுவாரு. பின்னால நிக்கிறவுக கலைஞ்சிருவாக. நல்ல வெயில்னா ஓட்டையைச் சின்னதாக்கலாம், அம்புட்டுப் பேரும் விழுவாக."

"அப்ப எங்கண்ணன் உன் காதுல என்ன ஓதுனாரு?" சித்தப்பாவும் பார்த்திருக்கிறார்!

"மீசை நல்லா விழணும்னாக."

எல்லோரும் சிரித்தார்கள். சித்தப்பா சிரிக்கவில்லை. "அப்படின்னா அவுக போயி பின்னால நிக்கட்டும். தட்டோட நான் முன்னால நிக்கிறேன். யாரு மூஞ்சி கலையுதுன்னு பாப்போம்."

மூத்தவர் உயிரோடிருக்கத் தட்டு கைமாறுவது எங்களில் கிடையாது. அய்யா ஒரு தரம் சாமியைப் பார்த்தார். தட்டை நீட்டிவிட்டுப் போய்ப் பின்னால் நின்றார். மறுநாள் நல்ல வெயிலில், அவரவர் பழைய இடத்தில் நிற்க இன்னொரு படமும் எடுத்தார்கள்.

படங்கள் வந்தன. வெயில் படத்தில் எல்லோரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, ஆனால் கோயில் மணி வரைக்கும் தெளிவாக இருந்தோம். விளக்கு நேரத்துப் படத்தில் சித்தப்பா பளிச்சென்று நின்றார், அய்யா புகையாகியிருந்தார். அதைச் சித்தப்பா மடிக்குள் செருகிக்கொண்டு, "இதை ஒருத்தருக்கும் காட்டாதீக. அண்ணன் மூஞ்சி இப்படி இருக்கக் கூடாது" என்றார். பிடிமண் பேச்சு அத்தோடு நின்றது.

இப்போது இருவரும் இல்லை. அந்த ஸ்டுடியோவும் இல்லை, கவரைப் பிரித்தால் வரும் வாடையும் இல்லை. தட்டு என் கைக்கு வந்திருக்கிறது. போன களரியில் என் மகள் போனில் படம் எடுத்துக் காட்டினாள். நான் பளிச்சென்று இருக்கிறேன். பின்னால் சித்தப்பா மகன், எனக்குத் தம்பி முறை, புகையாக நிற்கிறான்.

"நல்ல வெயிலாச்சே தாயி, எப்படிக் கலைஞ்சான்?"

"தானாக் கலையலப்பா. அழகா இருக்கட்டும்னு நான்தான் கலைச்சேன்" என்று போன் திரையில் இருந்த ஒரு கோட்டை விரலால் தள்ளிக் காட்டினாள்.

சித்தப்பா அன்று வீணாகச் சந்தேகப்பட்டது இன்று விரல் நுனியில் நடக்கிறது. அந்தப் படத்தை உடனே அழிக்கச் சொன்னேன். அதற்குள் அவள் அதை எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருந்தாள். தம்பி பார்த்துவிட்டானா என்றுதான் இன்றுவரை தெரியவில்லை. பேசுகிறான், சிரிக்கிறான், படத்தைப் பற்றி மட்டும் ஒன்றும் கேட்கமாட்டேன் என்கிறான்.