என் டைரிக்கு நிதிப் பிரிவு கேட்ட கேள்விகள்

போன மாதம் ஒரு நாள், டாக்டர் என் ஈ.சி.ஜி. தாளைப் பார்த்துவிட்டு, "ஹார்ட் பர்ஃபெக்ட், மேடம்" என்றார்.

எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

சிரிக்காதீர்கள். இதயத்தில் அடைப்பு என்றால் அதற்கு ஒரு வழிமுறை இருக்கிறது. பரிந்துரைக் கடிதம், முன் அனுமதி, அட்மிஷன், பில், பில்லில் பாதியை வெட்டினால் மேல்முறையீடு... ஹைதராபாத் தார்நாகாவில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தின் நிர்வாகப் பிரிவில் வேலை பார்த்தே தலை நரைத்தவள் நான். எந்த விஞ்ஞானிக்கு எந்த உறுப்பு பழுதானாலும், எந்த விதியின் கீழ் யாரிடம் கையெழுத்து வாங்க வேண்டும் என்பது எனக்கு அத்துப்படி. ஆனால் எல்லா உறுப்பும் நன்றாக இருந்து, பொழுது சாயும்போது மட்டும் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டால்?

அதற்கு விதியே இல்லை!

டாக்டர் தெலுங்குப் பெண்மணி. என் முகத்தையே பார்த்தார். "ஒக்கரே உன்டாரா, மேடம்?" என்று கேட்டார். ஆமாம், தனியாகத்தான் இருக்கிறேன், கணவர் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது என்றேன். மருந்துச் சீட்டு எழுத எடுத்த பேனாவை மூடி வைத்துவிட்டார்.

"மெடிடேஷன் செய்யண்டி. ஜர்னலிங் செய்யண்டி."

மாத்திரை வாங்கப் போனவள், தியானம், டைரி என்று வீட்டுப்பாடத்தோடு திரும்பினேன்.

அந்தப் படபடப்புக்கு ஒரு நேரம் உண்டு. மற்ற ஃப்ளாட்களில் குக்கர் விசில் அடிக்கத் தொடங்கும் நேரம். என் கணவர் வாக்கிங் முடித்துத் திரும்புகிற நேரமும் அதுதான். பையில் சாவி இருக்கும். ஆனாலும் பெல்தான் அடிப்பார். 'சாவி எதற்காம்?' என்று நானும் சளைக்காமல் கேட்பேன். இப்போது யாரும் அடிப்பதில்லை. காது மட்டும் பழைய வேலையை விடாமல் காத்துக்கொண்டிருக்கிறது. பிறகு நெஞ்சு அடித்துக்கொள்கிறது. உள்ளங்கை வேர்க்கிறது. டி.வி.யைச் சத்தமாக வைத்துக்கொண்டு, விளங்காத சீரியலை வெறித்துப் பார்ப்பேன்.

டொரோண்டோவில் இருக்கும் என் மகள் நித்யாவிடம் இதைச் சொல்லவில்லை. காரணம் இருக்கிறது. அவள் எனக்குக் கெடு வைத்திருந்தாள். ஹைதராபாத்திலேயே பிறந்து வளர்ந்தவள். அவள் பேசும் தமிழ் மூன்று மொழிகளின் மிக்ஸர்; 'வேண்டாம்' என்பதற்கு 'நக்கோ' என்பாள்.

"அம்மா, டிராமா நக்கோ. தீபாவளி வரைக்கும் பாரு. தனியா இருக்கறது செட் ஆகலைன்னா, ஃப்ளாட்டை ரென்ட்டுக்கு விட்டுட்டு இங்க வந்துடு. ஃபைனல்."

கனடாவில் எனக்கு என்ன குறை? ஒன்றும் இல்லை. இங்கேயோ, பால்காரர் முதல் வங்கி மேலாளர் வரை என்னைக் கண்டால் கொஞ்சம் முதுகு நிமிர்கிறார்கள். வரிசையில் எனக்கு முன்னால் நிற்பவருடைய விண்ணப்பத்தில் கூடத் தவறு கண்டுபிடித்துத் திருத்திக் கொடுக்கிற உரிமை எனக்கு இருக்கிறது. அங்கே போனால் நான் 'நித்யாவின் அம்மா'. ஜன்னலோரம் உட்கார்ந்து பனியை மேற்பார்வையிடலாம். அவ்வளவுதான்.

ஆகவே, நான் இந்த வீட்டிலேயே இருக்க வேண்டுமானால் நன்றாக இருக்கிறேன் என்று நிரூபித்தாக வேண்டும். ஓய்வூதியக்காரர்கள் வருஷா வருஷம் உயிரோடு இருப்பதாகச் சான்றிதழ் கொடுக்கிறோம். நிம்மதியாக இருப்பதற்கு ஏதாவது சான்றிதழ் உண்டா? இருந்தால் முதல் ஆளாகப் போய் வரிசையில் நின்றிருப்பேன்.

இல்லாததால்... தியானம்.

எங்கள் அடுக்ககத்தின் பொது அறையில் ஞாயிறுதோறும் ஷ்ரேயா என்றொரு பெண் தியானம் சொல்லித் தருகிறாள். ஐ.டி. வேலை. அப்பா அம்மா இங்கே பக்கத்தில் மல்காஜ்கிரியில் ரொம்ப காலமாக இருக்கும் தமிழர்கள். நல்ல பெண். எதற்கும் கோபமே வராது. அதுவே எனக்குச் சற்று சந்தேகமாக இருந்தது.

"ஆன்டி, கண்ணை மூடுங்க. மூச்சை மட்டும் கவனிங்க."

கவனித்தேன். அதுதான் தப்பு. இத்தனை வருஷம் யாருடைய மேற்பார்வையும் இல்லாமல் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த மூச்சு, நான் கவனிக்க ஆரம்பித்ததும் தடுமாறத் தொடங்கிவிட்டது. ஆபீஸில் புது கிளார்க்கின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றால் இப்படித்தான் டைப்பிங்கில் பிழை விழும்.

"எண்ணம் வரும், போகும் ஆன்டி. நீங்க ஒண்ணும் பண்ண நக்கோ. ஜஸ்ட் பாருங்க."

ஒன்றும் பண்ணாமல் எப்படி இருப்பது? கேஸ் சிலிண்டர் புக் பண்ணினோமா என்று ஓர் எண்ணம் வந்தது. அவசரம் என்று ஓரமாக வைத்தேன். நித்யா குழந்தையாக இருந்தபோது போட்ட மஞ்சள் ஸ்வெட்டர் எங்கே என்று ஒன்று வந்தது. நிலுவை. மூன்றாவதாக வந்தது என் கணவர். அதை எந்தப் பிரிவுக்கு அனுப்புவதென்று தெரியாமல் கண்ணைத் திறந்துவிட்டேன்.

"ஹவ் ஆன்டி, ஆமா, அப்படித்தான் இருக்கும்" என்றாள் ஷ்ரேயா, மாறாத புன்னகையோடு. "தினமும் எழுதவும் செய்ங்க. மனசுல இருக்கறதை அப்படியே எழுதுங்க. யாரும் படிக்க மாட்டாங்க."

யாருமே படிக்காததை எதற்கு எழுதுவது? என் உத்தியோக வாழ்க்கையில், குறைந்தது இரண்டு பேராவது படித்துக் கையெழுத்துப் போடாத ஒரு வரியை நான் எழுதியதில்லை. இருந்தாலும் சொல்கிறார்களே என்று நல்ல டைரியாக ஒன்று வாங்கினேன். பேனாவைத் திறந்தேன். கை தானாக எழுதியது. ஆங்கிலத்தில்தான்; உங்களுக்காகத் தமிழில் தருகிறேன்:

'பொருள்: மாலை நேர அசௌகரியம் தொடர்பாக.

1. மேற்படி பொருள் குறித்துக் கீழ்க்கண்டவை சமர்ப்பிக்கப்படுகின்றன.

2. இன்று மாலை லேசான படபடப்பு காணப்பட்டது. சிறிது நேரத்தில் தானாகவே சரியாகிவிட்டது.

3. கடந்த காலத்திலும் இவ்வாறு நிகழ்ந்துள்ளது.

4. உத்தரவுக்காக.'

மனசில் இருப்பதை அப்படியே எழுதச் சொன்னார்கள். என் மனசு இப்படித்தான் பேசும், நான் என்ன செய்ய?

இரண்டு வாரம் இதே மாதிரி எழுதினேன். நித்யா போனில், "ஜர்னலிங் போயிட்டிருக்கா அம்மா?" என்பாள். "முறையாக நடக்கிறது" என்பேன். "பயமெல்லாம் இல்லையே?" என்பாள். "எல்லாம் நன்றாக இருக்கிறது" என்பேன். "நிஜமா?" என்று இன்னொரு தடவை கேட்டுவிட்டு வைப்பாள். மாலைகள் மட்டும் இம்மியும் அசையவில்லை. டைரியில் எல்லாப் பக்கமும் 'உத்தரவுக்காக' என்று முடிந்தது. உத்தரவு போட ஆள் இல்லை. எனக்கோ, நிலுவையில் ஒரு ஃபைல் கிடந்தாலும் சாப்பாடு இறங்காது.

இந்த இடத்தில் கிரேஸ் மேடத்தை உங்களுக்கு அறிமுகப்படுத்தியாக வேண்டும்.

எங்கள் ஆராய்ச்சிக் கூடத்தில் நான் நிர்வாகம் என்றால் அவர் நிதிப் பிரிவு. பாளையங்கோட்டைக்காரர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நிர்வாகம் ஒன்றை முன்மொழிந்தால் நிதிப் பிரிவு ஒப்புதல் தர வேண்டும் என்பது முறை. ஒப்புதல் தராமல் கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்புவது கிரேஸ் மேடத்தின் முறை. ஓய்வு பெற்ற பின் என் விதி, எங்கள் கட்டடத்திலேயே, எனக்கு நேர் கீழ் ஃப்ளாட்டுக்குக் குடிவந்தார். இன்னமும் நாங்கள் ஒருவருக்கொருவர் 'மேடம்'தான். மாடிப்படியில் பார்த்தால் பென்ஷன் பற்றிப் பேசுவோம். அதற்கு மேல் போனதில்லை.

ஒரு நாள் காலை, தவறி வந்த தன் மின்கட்டண ரசீதை வாங்க மேலே வந்தார். எனக்கு என்ன தோன்றியதோ, டைரியை எடுத்து நீட்டிவிட்டேன்.

"மேடம், இதைக் கொஞ்சம் பாருங்க. ஃபார்மட் சரியா இருக்கான்னு மட்டும்."

ஆமாம், டைரியை! யாரும் படிக்க மாட்டார்கள் என்று சொல்லி எழுதச் சொன்ன டைரியை நிதிப் பிரிவின் ஒப்புதலுக்கு அனுப்பிய ஒரே ஆள் இந்த உலகத்தில் நானாகத்தான் இருப்பேன்.

அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டு முதல் பக்கத்தைப் பார்த்தார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"இதெல்லாம் நின்னுகிட்டே சொல்ல முடியுமா மேடம்? எடுத்துட்டுப் போறேன். பாத்துட்டு அனுப்புதேன்."

மறுநாள் மாலை, கதவில் தொங்கும் பால் பையில் டைரி திரும்பி வந்திருந்தது. ஓரமெல்லாம் பென்சில். பழைய எதிரியின் பழைய கையெழுத்து.

'லேசான' என்பதைச் சுற்றி ஒரு வட்டம். 'லேசானது என்று முடிவு செய்தது யார்? எந்த அடிப்படையில்?'

'தானாகவே சரியாகிவிட்டது' என்பதற்கு எதிரே: 'மேற்படி நேரம் முழுவதும் மாடியில் டி.வி. அலறியது கீழ்த்தளத்தில் கேட்டது. இரண்டும் ஒத்துப்போகவில்லை. விளக்கவும்.'

'உரிய அதிகாரிக்கு, அதாவது மகளுக்கு, தெரிவிக்கப்பட்டதா? இல்லையெனில் காரணம்?'

கடைசியில், 'உத்தரவுக்காக' என்பதற்குக் கீழே இரண்டே வார்த்தை: 'ப்ளீஸ் ஸ்பீக்.'

அரசு அலுவலகத்தில் வேலை பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். விஷயம் எழுத்தில் தீராது என்று மேலதிகாரி நினைத்தால் ஃபைலில் அப்படி எழுதுவார். உடனே ஃபைலைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போய் நேரில் பேச வேண்டும். பிறகு பார்க்கலாம் என்றெல்லாம் தள்ளிப்போட முடியாது.

குக்கர்கள் விசில் அடிக்க ஆரம்பித்திருந்தன. புடவையைச் சரிசெய்துகொண்டு, டைரியோடு கீழே இறங்கினேன்.

கதவைத் திறந்த கிரேஸ் மேடம், "வாங்க. உக்காருங்க. மொதல்ல அந்த 'லேசான'ங்கிறத அடிங்க" என்றார்.

"அடிச்சுட்டு என்ன எழுதட்டும்?"

"என்ன நடக்குதோ அத எழுதுங்க. என்ன நடக்குது?"

பதில் எழுதுவது எனக்குச் சுலபம். சொல்வதுதான் பழக்கமில்லை.

"பயமா இருக்கு மேடம்."

"எதுக்கு?"

"தெரியலை. இந்த நேரத்துல அவர் பெல் அடிப்பார். இப்போ அடிக்கறதில்லை. அவ்வளவுதான்."

ஆறுதல் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை.

"சார் பெல்லடிச்சா எனக்குல்லா கேக்கும்! எங்க வீட்டு பெல்லுதான்னு அடுப்ப அணைச்சுட்டு ஓடி வருவேன். தெறந்தா ஒருத்தரும் இருக்க மாட்டாவ. எத்தன தோச கரிஞ்சிருக்கு தெரியுமா?" என்றார். பிறகு மெதுவாக, "இப்ப ஒண்ணும் கரியறதில்ல. எனக்கும் ஒரு மாதிரியாத்தான் இருக்கு" என்றார்.

 என் கணவரை நினைத்து அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். தோசை கரியாததற்காக வருத்தப்பட்டவர் இவர் ஒருவர்தான்.

"மகட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா கனடாவுக்குக் கட்டித் தூக்கிட்டுப் போயிடுவா."

"என்ன மேடம், சின்னப்புள்ள மாதிரி! ஆடிட்காரன் வந்து கண்டுபிடிக்கதுக்கும், அதுக்கு முன்னால நாமளே போய்ச் சொல்லுததுக்கும் வித்தியாசம் ஒங்களுக்குத் தெரியாதா? போனப் போடுங்க."

"இப்பவா? அங்க காலை நேரம். ஆபீஸுக்குக் கிளம்பிண்டிருப்பா..."

"போடுங்கங்கேன்."

போட்டேன். மகளிடம் பேசத்தான் போகிறேன், எழுந்து நின்றுவிட்டேன்! எங்கள் தலைமை இயக்குநர் டி.ஜி.யிடம் விளக்கம் கொடுக்கப் போனபோதுகூட இவ்வளவு விறைப்பாக நின்றதில்லை.

"நித்யா, தினமும் சாயங்காலம் எனக்குப் பயமா இருக்கு. டாக்டர்கிட்டயும் போனேன். ஹார்ட் நன்னாத்தான் இருக்காம். பயம் மட்டும்தான். ஆனா நான் இங்கேயேதான் இருக்கணும்."

திட்டு விழும் என்று போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தேன். 

"தேங்க் காட்" என்றாள்.

"எதுக்குடி?"

"நீ ஒவ்வொரு தடவையும் 'எல்லாம் நன்றாக இருக்கிறது'ன்னு ஆபீஸ் லெட்டர் மாதிரி படிக்கற. அதைக் கேட்டுத்தான் எனக்கு டென்ஷன். கைக்கு, ஏன் இவ்ளோ நல்லா இருக்கா, என்னத்தை மறைக்கறான்னு தூக்கமே வராது. அதான் வரச் சொன்னேன்."

பாருங்கள். நான் நன்றாக இருக்கிறேன் என்று சொல்லிச் சொல்லியே, டொரோண்டோவுக்கு எனக்கு நானே டிக்கெட் எடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்!

கிரேஸ் மேடம் போனைப் பிடுங்கினார். "பாப்பா, நான் கீழ் வீட்டு கிரேஸ் ஆன்டி. ஒங்கம்மா என்ன பெட்டியா, பார்சல் போட்டு அனுப்பதுக்கு? சாயங்காலம் இங்க வந்து உக்காரட்டும். நான் பாத்துக்கிடுதேன்."

"ஓகே ஆன்டி. அம்மாகிட்ட குடுங்க... அம்மா, தீபாவளி கேன்சல் இல்லை. போஸ்ட்போன். பயமா இருந்தா இருக்குன்னு சொல்லணும். அந்த ஆபீஸ் லெட்டர் வந்துதுன்னா, நெக்ஸ்ட் ஃப்ளைட்டுல வந்து நிப்பேன்."

ரத்து செய்யாமல் ஒத்திவைக்கிறாள். என் மகள்தான், சந்தேகமே இல்லை.

ஆக, இப்போது தினமும் குக்கர் விசில் நேரத்தில் கீழே இறங்கிப் போகிறேன். பயம் போய்விட்டதா என்று கேட்காதீர்கள். அது தன் நேரத்துக்கு ஒழுங்காக வருகிறது. சில நாள் என்னோடு படியிறங்கி வந்து பக்கத்தில் உட்காரவும் செய்கிறது. ஆனால் அதை 'லேசானது' என்று எழுதி மூடி வைத்த நாட்களில் இருந்த திமிர் இப்போது அதற்கு இல்லை. டைரியும் எழுதுகிறேன். 'உத்தரவுக்காக' என்பதை விட்டுவிட்டேன். 'பொருள்:' என்ற தலைப்பு மட்டும் இன்னும் போகவில்லை. போகும்.

நம் வயதுக்காரர்களிடம் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். கேள்வி முடிவதற்குள் 'எனக்கென்ன, நன்றாக இருக்கிறேன்' என்று பதில் வந்துவிடும். பிள்ளைகள் கவலைப்படக் கூடாதாம். அந்தப் பிள்ளைகளோ, அந்தப் பதிலைக் கேட்டுத்தான் தூங்காமல் கிடக்கிறார்கள். இதில் யார் யாரைக் காப்பாற்றுகிறோம்?

தியானம் என்ன ஆயிற்று என்கிறீர்களா? முன்பைவிடச் சிரத்தையாகச் செய்கிறேன். கிரேஸ் மேடம் அந்தக் காலத்துச் சீனியாரிட்டி கேஸ் ஒன்றை ஆரம்பித்தாரானால், முடிக்க ராத்திரி சாப்பாட்டு நேரம் ஆகிவிடுகிறது. அவர் வாயைத் திறந்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணை மூடி, மூச்சைக் கவனிக்கத் தொடங்கிவிடுகிறேன் — அவர் பேச்சை நிறுத்த எனக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான்!