வாசலில் நின்ற பச்சைப் புடவை

தொண்ணூறுகளில் மலாய் நாட்டு ஜார்ஜ் டவுனில் ஒரு மாடல் கடையில் வேலை பார்த்தேன். கட்டப்போகும் கட்டடங்களை முன்கூட்டியே சின்னதாகச் செய்து கொடுக்கும் இடம் அது. கட்டடங்களை ஆண்கள் வெட்டி ஒட்டுவார்கள். மரங்களும் மனிதர்களும் என் பொறுப்பு. மனிதர்கள் விரல் நக உயரத்தில், வெள்ளை பிளாஸ்டிக்கில், ஜப்பானிலிருந்து வருவார்கள். முகமும் உடையும் நான் தீட்ட வேண்டும். பொறுமைக்கும் எனக்கும் ஆகாது என்று வீட்டில் சொல்வார்கள். அந்த வேலையில் மட்டும் அது எங்கிருந்தோ வந்துவிடும்.

ஒருமுறை வந்த மாடலின் பலகையில் சூலியா தெரு இருந்தது. அதன் பின்சந்தில்தான் நானும் அம்மாவும் வாடகைக்கு இருந்தோம். நான் பிறந்ததும் அந்த வீட்டில்தான். எங்கள் வரிசை வீடுகள் இருக்க வேண்டிய இடம் மட்டும் வெறும் பலகையாக இருந்தது. பழைய வீடுகளைப் பழுது பார்க்கப் போகிறார்கள், அந்தத் துண்டு பிறகு வரும் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். கைலி கட்டிய நாணய மாற்றுக்காரர், தலையில் துண்டோடு நாசி கண்டார் சோற்றுக்கடைக்காரர் என்று தெரிந்தவர்களையெல்லாம் தீட்டினேன். நீளப் பாவாடை போட்டிருந்த ஒரு பொம்மைக்குப் பச்சைப் புடவை கட்டிவிட்டேன். அது அம்மா. எங்கள் வாசல் வரும் இடத்தில் நிறுத்தினேன். யாருக்கும் தெரியாத அந்தக் குறும்பில் எனக்கு ஏக சந்தோஷம்.

கட்டடம் கட்டப்போகிறவர் பார்க்க வந்தார். குனிந்து பார்த்துவிட்டு, இந்த மாதிரி ஆட்கள் இனி இங்கே இருக்க மாட்டார்களே என்று மலாயில் சிரித்தபடி சொன்னார். அப்போதுதான் நடுவில் வைக்கும் துண்டைக் கொண்டுவந்து பொருத்தினார்கள். இருபது மாடிக் கட்டடம். எங்கள் வரிசையில் ஒரு வீடுகூட மிச்சமில்லை. பழைய வீடுகளின் வாடகைக் கட்டுப்பாட்டை எடுக்கப் போகிறார்கள், எடுத்தால் வீட்டுக்காரர்கள் இடித்துவிடுவார்கள் என்று ஊரில் பேச்சு இருந்ததுதான். அதுவரை அது பேச்சாகவே இருந்தது.

புதுப் பொம்மைகள் வரவழைக்க நேரமில்லை, இருப்பதையே சுரண்டி ஆபீஸ் ஆட்களாக மாற்று என்றார் முதலாளி. வெளியே மூச்சு விடக்கூடாது என்றும் சொன்னார்.

தின்னரில் போட்டால் சாயம் நொடியில் போகும், பொம்மையும் கூடவே போகும். முன்பு ஒருவர் அப்படிப் போட்ட குட்டிக் கார் மெழுகு மாதிரி வளைந்து கிடந்தது. நான் வண்டிக்கு ஊற்றும் பிரேக் எண்ணெய் வாங்கி வந்தேன். அது பிளாஸ்டிக்கை விட்டுவிட்டுச் சாயத்தை மட்டும் மெல்ல உரிக்கும். அதுவும் விஷம்தான். கையுறை போட்டுக்கொண்டு, ஜன்னலைத் திறந்து வைத்து, ஜாம் போத்தலில் ஊற்றி, முதலில் நாணய மாற்றுக்காரரை மட்டும் போட்டுப் பார்த்தேன். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. பிறகு மற்றவர்களைப் போட்டேன். அம்மாவைக் கடைசியாகப் போட்டேன். மறுநாள் காலையில் சாயமெல்லாம் அடியில் சகதியாகக் கிடந்தது. சவர்க்காரத் தண்ணீரில் பழைய டூத் பிரஷால் தேய்த்தேன். புடவை மடிப்பில் மட்டும் பச்சை போக மறுத்தது. பல்குச்சியால் குத்தி எடுத்தேன். எவ்வளவு கவனமாகச் செய்தேனோ அவ்வளவு கோபம் வந்தது. என் கை சுத்தத்தை முதலாளி பாராட்டினார். அந்த மனிதர் முகத்தில் போத்தலைக் கவிழ்த்துவிடலாமா என்றிருந்தது. சாம்பல் நிறக் கோட்டு தீட்டி, பொம்மையைப் பழைய இடத்திலேயே நிறுத்தினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா ஒரு டின் பச்சைச் சாயத்தோடு வந்தாள். தீபாவளிக்குத் தீபாவளி எங்கள் வாசற்கதவுக்கு அதே பச்சை அடிப்பது அவள் வழக்கம். பழசின் மேலேயே பூசிப் பூசிக் கதவு உரிந்து தொங்கியது.

"இந்த வாட்டி நல்லா சுரண்டிட்டு அடி. அஞ்சாறு வருசம் தாங்கட்டும்," என்றாள்.

சுரண்டினேன். உள்ளே போகப் போகப் பச்சைதான். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து டின்னைத் திறந்து குச்சியால் கலக்கிக்கொண்டிருந்தாள். அதற்குமேல் என்னால் முடியவில்லை. சுரண்டிய கத்தியைக் கீழே வைத்தேன்.

"இந்த வீட்ட ஒடைக்கப் போறாங்கம்மா. மாடல் எங்க கடையிலதான் செய்யிறோம்."

அம்மா கலக்குவதை நிறுத்தவில்லை. டின்னைப் பார்த்தபடியே கேட்டாள்.

"நம்ம வாசல்ல என்னா வருது?"

"காடி நிறுத்துறதுக்கு உள்ள போற வழி."

"ஆளு யாரும் நிக்கலையா?"

"நிக்கிது. கோட்டுப் போட்ட ஒரு பொம்பள."

அது முந்தாநாள் வரை அவள்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அம்மா கதவை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். பிறகு பிரஷைத் துடைத்து என்னிடம் நீட்டினாள்.

"டின்னத் தொறந்தாச்சு லா. அடிச்சிரு, காஞ்சி போயிரும்."

அடித்தேன். கண்ணீர் மறைத்ததில் கீழ்ப்பாதி திட்டுத் திட்டாகப் போயிற்று. எதிலும் குறை கண்டுபிடிக்கும் அம்மா, அன்று நன்றாக இருக்கிறது என்றாள்.