பத்தொன்பது வயதுக்காரன்

நேற்று வெக்ஸ்போர்ட்டில் கார் திருத்தக் கொடுத்துவிட்டு நின்றபோது, கராஜ் ரேடியோவில் பேஸ்போல் வர்ணனை ஓடியது. வர்ணனையாளரின் பெயரைக் கேட்டதும் ரேடியோவுக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

தொண்ணூறுகளில் அவர் எங்கள் நகர அணிக்குப் புதிதாக வந்த ஆட்டக்காரர். புலம்பெயர்ந்து வந்து நாங்கள் குடியிருந்த டோர்செட் பார்க் அபார்ட்மென்டில் அப்பாவும் பக்கத்து வீட்டு ரவி அண்ணையும் அவரைப் பற்றியே வாதாடுவார்கள்.

"உவனுக்குப் பத்தொன்பது வயசுதான். அனுபவம் காணாது," என்பார் ரவி அண்ணை.

"எங்கட குமரன்ர வயசு. விளையாடட்டும் விடுங்கோ," என்பார் அப்பா. குமரன், யாழ்ப்பாணத்தில் நாங்கள் விட்டுவந்த என் அண்ணா.

அந்த ஆட்டக்காரர் முதன்முதலாக விளையாடிய பின்னேரம் ஊரிலிருந்து தொலைபேசி வந்தது. அண்ணாவை ஆமிக்காரர் பிடித்துக்கொண்டு போய்விட்டார்களாம். அம்மா அலறினார். அப்பா ரேடியோவை விட்டு அசையவில்லை.

"பொறு, பெடியன் இப்ப இறங்கப்போறான்," என்றார்.

நேற்று அந்த ஆட்டக்காரரின் குரல் தளர்ந்திருந்தது. திரும்பி வராத அண்ணாவின் குரல் எப்படி இருந்ததென்று எனக்கு நினைவில்லை.