மண்டபத்தின் இதர செலவு

தங்கைக்குத் திருத்தணி மலையில் தாலி கட்டி, கீழே ஊருக்குள் ஒரு மண்டபத்தில் சாப்பாடு. நைனாவும் நானும்தான் போய் மண்டபம் பேசினோம். வாடகையைச் சொன்னான் மேனேஜர். வேறு ஏதாவது உண்டா என்று நைனா இரண்டு முறை கேட்டார். "அவ்ளோதாங்க. நம்ம ஊரு ஆளுங்ககிட்ட இன்னா கேக்கப்போறோம்?" என்று சிரித்தான். முழு வாடகையையும் அன்றே கட்டினோம்.

கல்யாணத்தன்று சாப்பாடு முடிந்து, கட்டில், பீரோ, பாத்திரம் என்று சீரெல்லாம் மினி லாரியில் ஏற்றியாயிற்று. ராகு காலம் வருவதற்குள் மாப்பிள்ளை வீட்டார் பள்ளிப்பட்டுக்குக் கிளம்ப வேண்டும். வாட்ச்மேன் கேட்டைப் பூட்டினான். மேனேஜர் ஒரு சீட்டை நீட்டினான். இதர செலவாம். ஜெனரேட்டர் டீசல், குப்பை அள்ள, வெளிச் சமையல்காரர் வந்ததற்குத் தனி, முகூர்த்த நாள் என்பதற்குத் தனி. முகூர்த்தம் இல்லாத நாளில் எவன் கல்யாணம் வைப்பான்? கத்தினேன்.

"கட்டிட்டு வண்டிய எடுத்துகினு போங்க. எல்லா மண்டபத்துலயும் இதான்."

நைனா வெறும் பையைத் துழாவிக்கொண்டே நின்றார். கடைசியில் மாப்பிள்ளையின் அப்பா அத்தனை பேர் எதிரிலும் பணத்தை எடுத்துக் கட்டினார்.

மறுவாரமே கடன் வாங்கித் திருப்பிக் கொடுத்தோம். என்ன பிரயோஜனம்? "பூட்டி வச்ச சீர நாங்கதான் பணம் கட்டி மீட்டுகினு வந்தோம்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள் தங்கையின் மாமியார்.

வெறியோடு நுகர்வோர் கோர்ட்டுக்குப் போனேன். இழுத்தடித்து ஒருவழியாக உத்தரவு வந்தது. முன்கூட்டியே சொல்லாத கட்டணத்தை வசூலித்தது தவறு, திருப்பித் தர வேண்டும். மண்டப வாசலில் இப்போது எல்லாக் கட்டணமும் எழுதிய பலகை தொங்குகிறது. பணம் எனக்குப் பெரிதில்லை. தப்பு நைனா மேல் இல்லை என்று கோர்ட்டே சொன்ன தாள் என் கையில் இருந்தது. அதைச் சம்பந்தி வீட்டில் படித்துக் காட்ட, தங்கைக்குப் போனில் சொல்லிவிட்டுப் பள்ளிப்பட்டு பஸ் ஏறினேன்.

அவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கே வந்து மறித்தாள்.

"அந்தத் தாள காட்டாதண்ணா. கொயந்த பொறந்ததுலேர்ந்து அந்தப் பேச்சையே வுட்டுட்டாங்க. நீ போய் காட்னா திரும்பவும் ஆரம்பிச்சிடுவாங்க. நீ பஸ் ஏறிப் பூடுவ. நான் அங்கதான இருக்கணும்?"

தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்த பஸ்ஸிலேயே திரும்பினேன். நைனா தெருவிலேயே காத்திருந்தார். படித்துக் காட்டிவிட்டேன் என்றேன்.

"சம்மந்தி இன்னாபா சொன்னாரு?" என்று கேட்டார்.