பல்லரசி வாங்கிய ஸ்கோப்

பொய்ப்பல் செய்யும் கூடத்தில் அவளுக்குப் பல்லரசி என்று பட்டப்பெயர். ஊரில் பாதிப் பேர் சிரிப்பது அவள் தயவில்தான் என்று கூட வேலை செய்பவர்கள் கேலி செய்வார்கள். ஞாயிற்றுக்கிழமையானால் பல்லை மறந்துவிட்டு, ரைஃபிளைத் தோளில் மாட்டிக்கொண்டு துப்பாக்கி சுடும் கிளப்புக்குப் போய்விடுவாள். அங்கே அவளுக்கு நல்ல பெயர் இருந்தது. நாற்பதைத் தாண்டியதும் கண் காலை வாரிவிட்டது. இலக்கைப் பார்த்தால் குழல் முனைக் குறி மங்கியது, குறியைப் பார்த்தால் இலக்கு காணாமல் போனது.

கிளப் அணியில் ஒரே ஓர் இடம் காலியாகியிருந்த நேரம் அது. அதற்கு இரண்டு பேர்தான் போட்டி. ஒருத்தி இவள். இன்னொருத்தி இவளுடைய நாத்தனார். புருஷன்காரன் பாடு மத்தளம் மாதிரி, இரண்டு பக்கமும் இடி. வீட்டில் அவன் தங்கச்சி என்று ஆரம்பித்தாலே போதும், பாத்திரங்கள் பேச ஆரம்பித்துவிடும்.

இலக்கைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்கோப்பை ரைஃபிள் மேல் மாட்டிக்கொள்ளலாம் என்று கிளப்பில் அனுமதி இருந்ததால் பல்லரசி கடைக்குப் போனாள். கடைக்காரர் மூன்றை எடுத்து வைத்தார். ஒன்று குட்டை, ஒன்று நெட்டை, ஒன்று தடியன். குறிபார்க்க உள்ளே ஒன்றில் வெறும் குறுக்குக்கம்பி, ஒன்றில் நடுவே புள்ளி, ஒன்றில் பல்லாங்குழி போல ஏதேதோ வட்டங்கள். எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும், வெளிச்சம் எவ்வளவு வாங்கும் என்று அவர் அடுக்க அடுக்க அவளுக்குத் தலை சுற்றியது. கடைசியில் தன் தொழில் கற்றுக்கொடுத்த கணக்கையே போட்டாள். பல்லில் விழுந்த மயிரிழை விரிசல்கூட பெரிய லென்ஸுக்குத் தப்பாது. எவ்வளவு பெரிதாகத் தெரிகிறதோ அவ்வளவு நல்லது. கடை மேசைத் தாங்கியில் வைத்துத் தடியனுக்குள் பார்த்தாள். எதிர் மாடியில் காயும் சட்டையின் பொத்தான் நூல்கூடத் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு அதையே வாங்கிவிட்டாள்.

சுடும் களத்தில் நின்றுகொண்டு பார்த்தபோதுதான் வினை தெரிந்தது. குறுக்குக்கம்பி ஓரிடத்தில் நிற்கவில்லை. இலக்கின் கறுப்பு வட்டத்தைச் சுற்றிச் சுற்றி, குடித்தவன் வீட்டு வாசலைத் தேடுவது போல அலைந்தது. மறுநாளே கடைக்கு ஓடினாள்.

"இதுல கம்பி ஆடுதுங்க. வேற குடுங்க."

கடைக்காரர் தாங்கியில் வைத்துப் பார்த்தார். கம்பி கல்லுப்பிள்ளையார் போல அசையாமல் இருந்தது.

"கம்பி ஆடலம்மா. நீங்கதான் ஆடுறீங்க."

அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. வீட்டுக்கு வந்து, ரைஃபிளைத் தூக்கிக்கொண்டு கூடத்தின் நடுவே நின்றாள்.

"நல்லா பாருங்க. நான் ஆடுறேனா?"

புருஷன் முன்னே வந்தும் பின்னே போயும் பார்த்தான். "ஆடலயே. சிலையாட்டம் நிக்கிற."

"அப்ப இது பொய் சொல்லுதா?"

"எதுக்கும் ஸ்கோப்புல இருக்கிற அந்த வளையத்தத் திருகி, தெரியறதக் கொஞ்சம் சின்னதாக்கிப் பாரேன்."

திருகிப் பார்த்தாள். ஆட்டம் குறைந்த மாதிரி இருந்தது. ஆனால் உண்மையில் குறைந்ததா, கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்துகொண்டதா? இத்தனை வருஷமும் இப்படி ஆடிக்கொண்டேதான் சுட்டாளா? அப்படியென்றால் வட்டத்துக்குள் விழுந்த குண்டுகளெல்லாம் குருட்டு அதிர்ஷ்டமா? கிளப் செயலாளரைக் கேட்டாள், மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரைக் கேட்டாள். ஒருவர் மூச்சைப் பிடி என்றார், இன்னொருவர் காப்பியை நிறுத்து என்றார். கேட்கக் கேட்கக் குழப்பம் கூடியதே தவிரக் குறையவில்லை.

தேர்வு நாளில் நாத்தனாரும் அவளும் பக்கத்துப் பக்கத்து வரிசை. பல்லரசி வளையத்தைப் பெரிதாக்கினாள், பிறகு சிறிதாக்கினாள், மறுபடி பெரிதாக்கினாள். கம்பி நின்றதும் சுடலாம் என்று காத்திருந்தாள். அது நடுவுக்கு வரும், விரல் அழுத்தப்போகும், அதற்குள் நழுவிவிடும். பக்கத்து வரிசையில் டப் டப் என்று சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நேரம் முடிந்தது என்று மணி அடித்தபோது பெட்டியில் சுடாத குண்டுகள் மிச்சமிருந்தன. சுட்டவை எல்லாம் நல்ல இடத்தில்தான் விழுந்திருந்தன. ஆனால் அணியில் இடம் நாத்தனாருக்குப் போய்விட்டது.

நாத்தனார் மிச்சக் குண்டுகளைப் பார்த்துவிட்டு அருகில் வந்தாள். "என்னாச்சு அண்ணி? ஏன் சுடல?"

"கம்பி நிக்கவே இல்ல. நின்னாத்தானே சுடறது?"

"நிக்கணுமா? எனக்கு ஒருநாளும் நின்னதே இல்லயே அண்ணி. எல்லாருக்கும் ஆடத்தான் செய்யும். அது பாட்டுக்கு ஆடும், நான் பாட்டுக்கு சுடுவேன்."

பல்லரசி அவளை முறைத்தாள். "இத முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"நீங்க ஊரெல்லாம் கேட்டீங்களாம், அண்ணன் சொன்னாரு. என்னைக் கேப்பீங்கன்னு நானும் தினம் பாத்தேன்."

அந்த முகத்தில் குத்தல் இருக்கிறதா என்று தேடினாள். இல்லை. இருந்திருந்தால் கோபப்படவாவது முடிந்திருக்கும். இப்போது யார்மேல் கோபப்படுவது என்றே தெரியாமல், ரைஃபிளைப் பிடித்தபடி அழுகையும் சிரிப்புமாக நின்றாள். நாத்தனார்தான் அதை அவள் கையிலிருந்து மெதுவாக வாங்கி உறையில் போட்டாள்.